பைண்டு பண்ணாத இதழ்தான் வேண்டும்: சேர்வராயன் மலையும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளும்

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா கைமாறுகிறது என்றால் முதலில் இறங்குவது தேக்கு, ஈட்டி மரச் சாமான்கள். அப்புறம் பீங்கான், தொங்கு விளக்கு, சுவர்க் கடிகாரம். யாருக்கும் வேண்டாம் என்று வராந்தா மூலையில் கிடக்கும் காகிதக் கட்டுகள் கடைசியாகச் சாக்கில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் ஏதோ ஒரு பழைய பேப்பர் கடைத் தராசில் வந்து உட்காரும். பழைய ஆங்கிலப் பத்திரிகை சேர்க்கிறவர்களுக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். "ஏங்ண்ணா, இதுல என்னங்க இருக்கு, எல்லாம் செத்துப்போன வெள்ளக்காரன் சமாச்சாரம்" என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

பலர் சொல்லும் பதில், பிரபலமான கதையோ படமோ இருக்கிறது என்பது. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் சிறுகதை 1891 ஜூலையில் ஸ்ட்ராண்ட் மேகஸின் என்ற லண்டன் மாத இதழில் வந்தது, அந்த இதழ் கிடைத்தால் யோகம், இப்படி. என் கட்சி வேறு. கதை புத்தகமாக எப்போதும் கிடைக்கும், படம் இணையத்தில் கிடைக்கும். அந்தக் கதைக்கு முன்னும் பின்னும் என்ன அச்சாகியிருந்தது, அட்டைக்கு உள்பக்கம் யார் என்ன விற்றார்கள், இதெல்லாம் அந்த உதிரி இதழ் ஒன்றில்தான் இருக்கிறது. அதனால்தான் தோல் முதுகும் தங்க எழுத்துமாக பைண்டு பண்ணிய தொகுதியைவிட, அட்டை கிழிந்து தொங்கும் ஒற்றை இதழுக்கு நான் அதிகம் ஆசைப்படுகிறேன். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இவை ஏன் இங்கே இவ்வளவு கிடக்கின்றன என்பது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி போட்டுப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. பின்னாலேயே தோட்டக்காரர்கள் வந்தார்கள், பங்களாக்கள் எழுந்தன, தேவாலயமும் பள்ளிகளும் வந்தன. மெட்ராஸ் ரயில்வே 1861இல் சேலத்தைத் தொட்டது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததும் லண்டனில் அச்சான வாரப் பத்திரிகை சில வாரங்களில் மலைமேல் ஒரு சாய்வு நாற்காலிக்கு வந்து சேர வழி பிறந்தது. பக்கத்து எஸ்டேட் துரையைப் பார்க்கவே மலை ஏறி இறங்க வேண்டிய இடத்தில், மழைக்காலத்தில் பனிமூட்டம் நாள் கணக்கில் விலகாத ஊரில், மனிதன் வேறென்ன செய்வான்? வந்த பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம்வரை படித்திருப்பான். படித்ததைத் தூக்கிப் போடவும் இல்லை.

காபித் துரைகள் மட்டும் அல்ல. இந்தியாவின் வரலாற்றுக்கு முந்திய கால ஆய்வில் முதல் பெயராகச் சொல்லப்படும் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஏற்காட்டில்தான் வீடு வைத்திருந்தார், அவருடைய கல்லறையும் இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கோடரி பற்றிய கட்டுரை வந்ததும் ஒரு பத்திரிகையில்தான், 1866இல், மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்ரேச்சர் அண்ட் சயன்ஸ் என்ற இதழில். பேர்தான் இலக்கியம், உள்ளே மொழி, கல்வெட்டு, செடி, பாறை எல்லாம் கலந்து கிடக்கும். இன்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்விதழ் வந்துவிட்டது, அந்தக் கலவை போய்விட்டது.

கலவை என்பதுதான் இங்கே முக்கியம், அதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டனில் பத்திரிகை நடத்துவது செலவுபிடித்த தொழில். விளம்பரத்துக்கு வரி, செய்தித்தாளுக்கு முத்திரை வரி, காகிதத்துக்கே வரி. அந்த நாளிலும் பென்னி மேகஸின் 1832இல் ஒரு பென்னிக்குப் படங்களோடு வந்தது, 1841இல் பஞ்ச் என்ற நகைச்சுவை வார இதழ், 1842 மே 14இல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ். ஆனால் அணை உடைந்தது விளம்பர வரி 1853இலும், முத்திரை வரி 1855இலும், காகித வரி 1861இலும் ஒழிந்த பிறகுதான். அப்புறம் பெண்களுக்கு, பையன்களுக்கு, தோட்டக்காரர்களுக்கு, பாதிரியார்களுக்கு, வேட்டைக்காரர்களுக்கு என்று ஆளுக்கொரு பத்திரிகை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்கு: படிக்கிறவன் கொடுக்கும் ஆறு பென்ஸ் போதாது, மீதியை விளம்பரம் தரும். ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள், சமையல்காரி என்று எல்லோரையும் பக்கம் திருப்ப வைத்தால்தான் விளம்பரக்காரன் காசு தருவான். அதனால்தான் ஒரே இதழில் போர்ச் செய்தி, தொடர்கதை, சதுரங்கப் புதிர், ராணியின் கவுன், யானை வேட்டை எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன.

இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ், கூடவே 1869இல் தொடங்கிய அதன் போட்டியாளர் கிராஃபிக், இரண்டும் மலைப் பங்களாக் கட்டுகளில் எதிர்பார்க்கக்கூடியவை. 1890களுக்கு முந்திய ஒரு பெரிய படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். படத்தின் குறுக்கே, வானம், மரம், ஆள் எதையும் பார்க்காமல் நேர்கோட்டில் மெல்லிய வெள்ளைக் கீறல்கள் ஓடும். அது மடிப்பு அல்ல, கிழிசலும் அல்ல. பாக்ஸ்வுட் என்ற மரத்தில் செதுக்கினால்தான் அவ்வளவு நுணுக்கமான கோடு நிற்கும், ஆனால் அந்த மரம் பருமனாக வளராது. ஆகவே சின்னச் சின்னக் கட்டைகளைப் பின்பக்கம் திருகாணி போட்டு ஒன்றாக்கி, மேலே முழுப் படத்தையும் வரைந்துவிட்டு, கட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் மேகம் செதுக்குவார், ஒருவர் கூட்டம், கை தேர்ந்தவர் முகம். வார இதழ் அல்லவா, ராத்திரியோடு ராத்திரியாக முடிய வேண்டும். மறுபடி சேர்த்துத் திருகிய இடத்தில் மை படாத கோடுதான் அந்தக் கீறல். சில படங்களில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் கைவரிசை மாறுவதே தெரியும். செதுக்கியவர் தென்னை மரத்தையோ நம் ஊர் ஆளையோ பார்த்திருக்கவே மாட்டார். மெட்ராஸ்காரன் மூக்கு கிரேக்கச் சிலை மூக்காக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

1877ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தாது வருஷப் பஞ்சம். அந்த அக்டோபரில் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பெங்களூரில் நிவாரணத்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தைப் படமாகப் போட்டது. கிராஃபிக் பெல்லாரிப் பக்கம் கைவிடப்பட்ட இரண்டு குழந்தைகளைப் போட்டது. பஞ்சம் சேலம் ஜில்லாவையும் சும்மா விடவில்லை. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த ஜில்லாவின் ஜனத்தொகை 1881இல் 16 லட்சத்துக்கு இறங்கிவிட்டது, நடுவில் பிறந்தவர்களையும் சேர்த்து. அந்தப் படம் போன வழியை யோசியுங்கள். மெட்ராஸ் ராஜதானியிலிருந்து கப்பலில் லண்டனுக்குப் போய், மரத்தில் செதுக்கி அச்சாகி, மறுபடி கப்பலேறி வந்து, சேலம் ஸ்டேஷனில் இறங்கி, அடிவாரத்தில் ஆள் செத்துக்கொண்டிருக்கும் பாதை வழியாகவே மலையேறி ஏற்காட்டுக்குப் போயிருக்கும். பங்களாக்காரர் அதை லண்டன் செய்தியாகப் படித்திருப்பார்.

இன்று இந்தப் பஞ்சப் படங்கள் தனித் தாளாகக் கிழித்து, சட்டம் போட்டு விற்கப்படுகின்றன. முழு இதழுக்குக் கொடுக்கும் விலையைவிட நாலு தாளைத் தனித்தனியாக விற்றால் லாபம், வியாபாரிக்கு அது போதும். எனக்கு அது வயிற்றெரிச்சல். பஞ்சப் படத்தின் முதுகில் என்ன இருந்தது, எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்பது அத்தோடு போய்விடுகிறது. எலும்புக்கூடு மனிதர்கள் ஒரு பக்கம், அதே இதழில் பசி எடுக்காதவர்களுக்குப் பசி எடுக்க வைக்கும் மருந்துக்கு விளம்பரம் இன்னொரு பக்கம் என்றால், அந்தக் காலத்து மனசைப் பற்றி அந்தப் பக்கத்து வரிசை சொல்லுவதை எந்த வரலாற்றுப் புத்தகமும் சொல்லாது.

விளம்பரங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். காலிஸ் பிரவுன் குளோரோடைன் என்று ஒரு மருந்து. காலரா, வயிற்றுக்கடுப்பு, இருமல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். கண்டுபிடித்த ஜான் காலிஸ் பிரவுன் இந்தியாவில் பட்டாளத்து டாக்டராக இருந்தவர். உள்ளே இருந்தது அபின் கரைசல், குளோரோஃபார்ம், கஞ்சாச் சாறு. கேட்காமலா போகும்! இடுப்பில் கட்டினால் நரம்புத் தளர்ச்சி, முதுகுவலி எல்லாம் பறந்துவிடும் என்ற மின்சார பெல்ட் விளம்பரங்கள் 1880களின் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வரும். ஈனோ உப்பு அப்போதும் உண்டு, பியர்ஸ் சோப்பும் உண்டு. மில்லே என்ற பெரிய ஓவியர் வரைந்த சோப்புக் குமிழி விடும் பையன் படத்தை முதலில் வாங்கியது இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் முதலாளிதான், அவரிடமிருந்து பியர்ஸ் கம்பெனி வாங்கி, ஒரு சோப்புக் கட்டியையும் படத்தில் சேர்த்து உலகம் முழுக்க விளம்பரமாக்கியது. கலை எங்கே முடிகிறது, கடை எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்தப் பத்திரிகைகளில் கோடு கிழிக்க முடியாது.

இப்போது பைண்டிங் விஷயம். விளம்பரங்கள் பெரும்பாலும் அட்டையிலும், முன்னும் பின்னும் செருகிய தனித் தாள்களிலும் வந்தன, முக்கியமாக மாத இதழ்களில். ஆறு மாத இதழ் சேர்ந்ததும் லைப்ரரியும் கிளப்பும் பணக்கார வீடுகளும் பைண்டருக்கு அனுப்புவார்கள். பைண்டர் செய்யும் முதல் வேலை அட்டையையும் விளம்பரத் தாளையும் உருவி எறிவது. ஸ்ட்ராண்ட் என்பது லண்டனில் ஒரு தெருவின் பெயர், அந்த இதழின் வெளிர் நீல அட்டையில் அந்தத் தெருவின் படமே இருக்கும், அழகான அட்டை, பைண்டு தொகுதியில் அதைத் தேடினால் கிடைக்காது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கேன்களில் பெரும்பகுதி லைப்ரரிகளின் பைண்டு தொகுதிகளிலிருந்து எடுத்தவை. அதாவது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பத்திரிகையில், வந்தது பாதிதான். மலையில் யாரும் பைண்டு பண்ணச் சோம்பல்பட்டு அப்படியே கட்டிப் போட்ட இதழ்களில் மீதி இருக்கிறது. அட்டை மேல்மூலையில் ஏஜென்ட் பென்சிலில் கிறுக்கிய பெயரோ, கிளப் முத்திரையோ இருந்தால் அது யார் வீட்டுக்கு வந்தது என்பதும் தெரிந்துபோகும். அதையும் பைண்டர் குப்பையில்தான் போட்டிருப்பார்.

பிள்ளைகள் பத்திரிகைகளில் ஒரு வேடிக்கை உண்டு. 1879இல் தொடங்கிய பாய்ஸ் ஓன் பேப்பர், அடுத்த வருஷம் வந்த கேர்ள்ஸ் ஓன் பேப்பர், இரண்டிலும் வாசகர் கேள்விக்குப் பதில் பகுதி இருக்கும். பதில் மட்டும்தான், கேள்வி இருக்காது. யாரோ ஒரு பையனிடம் காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளி என்கிறார்கள், எதற்கு என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். பெண்களுக்கான பகுதியில் கேட்டதற்குப் பதில் சொன்ன கையோடு, உன் கையெழுத்து சரியில்லை என்று ஒரு குட்டும் விழும். படிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

எல்லாப் பழைய இதழும் பொக்கிஷம் என்று நினைத்துவிடாதீர்கள். 1950க்குப் பிந்திய நேஷனல் ஜியாகரபிக், ரீடர்ஸ் டைஜஸ்ட் எல்லாம் உலகம் முழுக்க எல்லோரும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள், ஆசைக்கு வாங்கலாம், பின்னால் விலை ஏறும் என்று வாங்க வேண்டாம். பஞ்ச் பைண்டு தொகுதிகளும் தாராளம். 1857 கிளர்ச்சி சமயத்தில் பிரிட்டிஷ் சிங்கம் வங்காளப் புலி மேல் பாய்கிற, பஞ்ச் ஓவியர் டென்னியலின் கார்ட்டூன் ஆகஸ்ட் 22 இதழில் வந்தது, அது இருக்கும் தொகுதிக்குக் கேட்பவர்கள் உண்டு. மற்றதில் பாதி நகைச்சுவை அன்றைய லண்டன் அரசியல் தெரியாவிட்டால் புரியாது, தெரிந்தாலும் சிரிப்பு வருமா என்பது சந்தேகம்.

அதேபோல ஆங்கிலப் பத்திரிகை என்றாலே லண்டன் என்று முடிவு கட்டவும் வேண்டாம். மெட்ராஸில் ஜி.ஏ. நடேசன் 1900இல் தொடங்கிய இந்தியன் ரிவ்யூ, கமலா சத்தியநாதன் 1901இல் ஆரம்பித்து ஆசிரியராக நடத்திய இந்தியன் லேடீஸ் மேகஸின், தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசியின் பிளான்டர்ஸ் குரோனிக்கிள், 1956இல் வந்து ராஜாஜி விடாமல் எழுதிய ஸ்வராஜ்யா. சேலத்தில் பழைய வக்கீல் குடும்பங்களின் பரணில் மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதிகளுக்கு நடுவே இந்த மாதிரி ஏதாவது செருகிக் கிடக்க வாய்ப்பு உண்டு, ராஜாஜியே இங்கே வக்கீல் தொழில் பார்த்தவர் அல்லவா. ஸ்ட்ராண்ட் இதழை லண்டன் வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இந்தியன் லேடீஸ் மேகஸின் உதிரி இதழ் ஒன்று வேண்டும் என்றால் காசு இருந்தும் நடக்காது. என்னைக் கேட்டால் சேலத்துக்காரர் ஒருவர் தேட வேண்டியது இவைகளைத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றிரண்டு. 1890க்கு முந்திய மரச்செதுக்குப் படம் என்று சொல்லிக் காட்டுவதை லென்ஸில் பார்த்தால் கோடுகளுக்குப் பதில் புள்ளிகள் தெரிந்தால், அது பிற்கால நகல். 1870களின் வழக்கமான வார இதழ்ச் செய்திப் படம் அழகாக வர்ணம் பூசி வந்தால், வர்ணம் பெரும்பாலும் இந்தக் காலத்து வியாபாரி கைங்கர்யம். அப்போது கலர் என்பது கிறிஸ்துமஸ் இதழ் மாதிரி விசேஷங்களுக்குத்தான்.

காகிதம் விஷயத்தில் பலர் தலைகீழாக எண்ணுகிறார்கள். பழசு என்றால் அதிகம் மக்கியிருக்கும் என்று. 1840களின் இதழ் இன்னும் வெளுப்பாக, மடித்தால் மடங்கும். 1910 இதழ் முனையைத் தொட்டாலே அப்பளமாக நொறுங்கும். முந்தியது பழந்துணிக் கூழில் செய்தது. 1870களுக்குப் பிறகு மரக்கூழ் மலிவாக வந்தது, மை பரவாமலிருக்கப் படிகாரமும் பைன் பிசினும் சேர்த்தார்கள், அந்தப் படிகாரம் காலப்போக்கில் அமிலமாகித் தாளை உள்ளிருந்தே தின்கிறது. புகைப்படம் அச்சிட வந்த வழவழத் தாள் வேறு ரகம், களிமண் பூச்சு, எடை அதிகம். கடைக்காரருக்கு அது பிடிக்கும், "வெயிட்டு நிக்குங்க". ஆனால் ஒரு தடவை நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும், பிரிக்க வழியே இல்லை. ஏற்காட்டு ஓட்டு வீட்டில் ஒழுகின இடத்தில் இருந்த கட்டு என்றால் முதலில் அதைத்தான் சோதிக்க வேண்டும்.

மலையில் எதிரி ஈரம், பூஞ்சை. கீழே சேலத்தில் வெயிலும் கரையானும். ராமபாணப் பூச்சி இரண்டு இடத்திலும் உண்டு, முதல் பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கம்வரை நேர்த்துளை போடும், வெள்ளிப் பூச்சி பசை இருக்கும் இடமாகப் பார்த்துச் சுரண்டும். வாங்கி வந்ததை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் போட்டால் பூச்சியும் முட்டையும் ஒழியும், வெளியே எடுத்த பிறகு பை அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் தாள் வியர்க்கும். துருப்பிடித்த கம்பித் தையலைப் பின்பக்கம் நிமிர்த்தி மெல்ல உருவிவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைக்கலாம். துரு சும்மா விட்டால் சுற்றியிருக்கும் தாளையும் சேர்த்துத் தின்றுவிடும். செலோடேப் கிட்டவே வரக் கூடாது, பசை பழுப்பாக ஊறிப் பின்பக்கத்துக்கே வந்துவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். எங்கே, யார் கட்டிலிருந்து கிடைத்தது என்பதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள், பேனா வேண்டாம். அப்புறம் யாராவது நல்ல எண்ணத்தில், இதையெல்லாம் அழகாக ஒரே சைஸுக்கு வெட்டி பைண்டு பண்ணித் தரட்டுமா என்று கேட்டால், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.